மாமத் யானைக்குத் தாத்தா இல்லை, பங்காளி

புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக யானையின் பரம்பரையை அட்டையில் செய்துகொண்டிருக்கிறாள். கேள்விகள் மூன்று. மாமத் என்ற, உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பழங்காலத்து விலங்குதான் மயிரெல்லாம் உதிர்ந்து இன்றைய யானையாக மாறியதா? அந்த மாதிரி விலங்குகள் நம் மெட்ராஸ் பக்கம் இருந்தனவா? அப்புறம், கோயில் தூணில் இருக்கிற யாளி உண்மையில் அழிந்துபோன ஒரு யானை இனம் என்று வீட்டில் தாத்தா சொல்கிறார், வீடியோக்களிலும் அப்படித்தான் வருகிறது, அதையும் அட்டையில் ஒட்டலாமா?

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இருப்பது ராயபுரத்தில், கூப்பிடு தூரம்தான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். யானை என்று ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கமாகப் பேச வராது.

முதலில் அந்த அட்டை. பன்றி மாதிரி ஒரு குட்டி விலங்கு, அடுத்து மூக்கு கொஞ்சம் நீண்ட ஒன்று, அதற்கடுத்து மாமத், கடைசியில் யானை என்று நான்கு படங்களை ஒரே வரிசையில் ஒட்டி நடுவில் அம்புக்குறி போட்டிருந்தால், பாப்பாவிடம் சொல்லிப் பிரித்துவிடுங்கள். இதுவரை கிடைத்த புதைபடிவங்களைக் கொண்டு 160க்கும் மேற்பட்ட யானை வகை இனங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். இன்று உயிரோடு இருப்பவை மூன்றே மூன்று: நம் ஆசிய யானை, ஆப்பிரிக்கப் புல்வெளி யானை, ஆப்பிரிக்கக் காட்டு யானை. பெரிய கூட்டுக்குடும்பம் ஒன்றில் எல்லாரும் போய்ச் சேர்ந்து, மூன்று பேர் மட்டும் மிஞ்சிய கதை இது. மிஞ்சியவர்களை மட்டும் வைத்து வம்சம் எழுதினால் தப்பாகத்தான் வரும்.

மாமத்துக்கு அதில் என்ன இடம்? பங்காளி. ஆப்பிரிக்காவில் சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்க யானையின் கிளை ஒரு பக்கம் பிரிந்தது. மீதியிருந்த கிளை அதன் பின் சீக்கிரமே இரண்டானது. ஒன்று நம் யானையின் வழி, மற்றொன்று மாமத்தின் வழி. சைபீரியாவின் உறைந்த மண்ணில் கிடைத்த மாமத்துகளின் டி.என்.ஏ.வும் இதையே காட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால், மாமத்துக்கு ஆப்பிரிக்க யானையைவிட நம் முதுமலை யானைதான் நெருங்கிய சொந்தம். மாமத் மாறி யானை ஆகவில்லை, யானை மாறி மாமத் ஆகவும் இல்லை. இரண்டும் ஒரே காலத்தில் வெவ்வேறு ஊரில் குடித்தனம் நடத்தியவை. உயரத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. கம்பளி மாமத் தோள்வரை ஏறக்குறைய 3 மீட்டர், நம் கொம்பன் அளவுதான். அடர்ந்த மயிர், குளிரில் விறைக்காதபடி சிறிய காது, தோலுக்கடியில் தடித்த கொழுப்பு ஆகியவை வடதுருவக் குளிருக்கான ஏற்பாடுகள். சினிமாவில் மாடி வீடு உயரத்துக்குக் காட்டுவார்கள், விட்டுவிடுங்கள்.

அடுத்து பல்லுக்கு வருகிறேன். யானை என்றதும் நாம் தும்பிக்கையைப் பார்க்கிறோம். ஆனால் தும்பிக்கையில் எலும்பே கிடையாது, முழுக்கத் தசை. செத்தால் அழுகிப் போய்விடும், கல்லாகி நிற்காது. பல் அப்படியில்லை. உடம்பிலேயே கடினமான பொருள் எனாமல் என்கிற பல்லின் மேற்பூச்சுதான். லட்சக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் கிடந்தாலும் தாங்கும். அதனால் யானைப் பரம்பரையின் கதையில் பெரும்பகுதி பல்லிலிருந்து படித்ததே.

யானையின் கடைவாய்ப்பல்லை யாராவது கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? கனத்த செங்கல் மாதிரி இருக்கும். மேல்பக்கம் குறுக்கே வரிவரியாக மேடு ஓடும். நம் தெருக்களில் முன்பெல்லாம் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று உளியோடு வருவார்களே, நினைவிருக்கிறதா? அரைத்து அரைத்து அம்மி வழவழப்பாகிவிட்டால் மசாலா மசியாது, மறுபடி கொத்தவேண்டும். யானையின் பல் தன்னைத்தானே கொத்திக்கொள்ளும் அம்மி. கடினமான எனாமல் தகடும் அதைவிட மென்மையான பொருளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதால், தீனியை மென்று வரும்போது மென்மையானது சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகும், கடினமானது மேடாக நிற்கும். கடைசிவரை சொரசொரப்பு போகாது.

இன்னொன்றும் உண்டு. நமக்குப் பல் ஈறிலிருந்து செங்குத்தாக முளைக்கிறது. யானைக்குப் பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு வரும். முன்னால் இருக்கிற பல் தேய்ந்து துண்டுதுண்டாக விழ, பின்னாலிருப்பது அந்த இடத்துக்கு நகர்ந்து வரும். தாடையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் வாழ்நாள் முழுக்க ஆறு பல்தான் ஒதுக்கீடு. ஆறாவதும் தேய்ந்துவிட்டால், சுமார் 60 வயதில், தீனி மெல்ல முடியாமல் யானை மெலிந்து சாகும்.

இந்தப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால் குடும்பம் முழுவதும் தெரியும். மொராக்கோவில் கிடைத்த எரித்தீரியம் சுமார் 6 கோடி ஆண்டு பழையது. எடை 5, 6 கிலோ, ஒரு குண்டுப் பூனை அளவு. அதன் பிறகு வந்த பாஸ்பத்தீரியமும் மொராக்கோதான், ஒரு நாய் அளவு. இரண்டுக்கும் தும்பிக்கை இருந்திருக்காது. யானைச் சொந்தம் என்று சொல்ல வைத்தது பல்லும் மண்டையோடும்தான். எகிப்தின் ஃபாயூம் பகுதியில் கிடைத்த மோரித்தீரியம் சுமார் 3 கோடி 70 லட்சம் ஆண்டு பழையது. குட்டைக் கால், நீண்ட உடம்பு. பாடப்புத்தகங்களில் யானையின் மூதாதை என்று முதலில் ஒட்டுவது இதைத்தான். ஆனால் இது நேர் முன்னோர் இல்லை, வாரிசில்லாமல் போன ஒரு பக்கக் கிளை. நீர்நிலையில் பெரும்பாலும் கிடந்து நீர்த்தாவரம் தின்றது என்று அதன் பல்லில் செய்த வேதிச் சோதனை காட்டுகிறது.

நீர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் யானைக்கு நெருங்கிய சொந்தம் எது என்று வகுப்பில் கேட்டால் காண்டாமிருகம், நீர்யானை என்பார்கள். காசிமேட்டுப் பையன் ஒருவன் மட்டும் ஒருமுறை "கடல்பசு சார்" என்றான். எப்படித் தெரியும் என்றேன். ராமநாதபுரம் பக்கத்து உறவினர் சொன்ன ஆவுளியாவை, அதாவது கடல்பசுவை, பற்றிக் கேட்டிருந்தானாம், அதற்கு மார்பில் பால்காம்பு இருக்கும், யானைக்கும் முன்னங்கால் நடுவே இருக்கிறதே, அதனால் சும்மா அடித்துவிட்டேன் என்றான். அடித்தது சரியாகவே விழுந்தது. ஆண் ஆவுளியாவுக்குச் சிறு தந்தம்கூட முளைக்கும். அதன் உறவான மானட்டிக்கு, யானை மாதிரியே, பல் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வரும். இவை இரண்டும், பாறை முயல் போலிருக்கும் ஹைராக்ஸ் என்ற ஆப்பிரிக்கப் பிராணியும்தான் யானைக்கு மிஞ்சியிருக்கும் தூரத்துச் சொந்தங்கள். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. பாப்பா அட்டையின் ஒரு மூலையில் ஆவுளியாவை ஒட்டினால் நடுவர்கள் நிச்சயம் நின்று கேட்பார்கள்.

சரி, பெரிய ஆட்களுக்கு வருவோம். டைனோதீரியத்தைப் பார்த்தால் எதையோ தலைகீழாக மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். மேல்தாடையில் தந்தமே இல்லை. கீழ்த்தாடையிலிருந்து இரண்டு தந்தம் தரையைப் பார்த்து வளைந்து தொங்கும். மரப்பட்டை உரிக்க, கிளை இழுக்க என்று பலவிதமாகச் சொல்கிறார்கள், எதுவும் இன்னும் முடிவாகவில்லை. பெரியவை தோள்வரை 4 மீட்டர். அதாவது எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்காக வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரியின் மொத்த உயரம். இதன் இந்திய இனம் குஜராத்தில் காம்பே வளைகுடாவிலுள்ள பீரம் தீவில் கிடைத்தது.

கோம்போதீர்கள் பெரிய கூட்டம். பலவற்றுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு தந்தம். அவற்றின் சொந்தமான பிளாட்டிபெலோடானுக்குக் கீழ்த்தந்தங்கள் தட்டையாகிச் சேர்ந்து மண்வாரி மாதிரி இருந்தன. சேற்றை வாரித் தின்றது என்றுதான் நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் பல வருஷம் அப்படியே நடத்தினேன். பிறகு அந்தத் தந்தத்தின் தேய்மானத்தை உன்னிப்பாகப் பார்த்தவர்கள், சேறு வாரினால் இப்படித் தேயாது, கிளையையும் பட்டையையும் அறுத்த தேய்மானம் இது என்றார்கள். கத்தரிக்கோல் வேலை, மண்வெட்டி வேலை இல்லை. அந்தக் காலத்து மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்.

அமெரிக்காவின் மாஸ்டடான், மாமத்தின் தம்பி மாதிரி படங்களில் நிற்கும். உண்மையில் ரொம்ப தூரத்து உறவு, யானை வழியிலிருந்து 2 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டது. அதன் பல்லில் வரிகள் கிடையாது, கூம்பு கூம்பாக மேடு இருக்கும். இலை, குச்சி தின்கிற பல் அது. மாமத்துக்கோ புல் அரைக்கிற அம்மிப் பல். பிரெஞ்சு அறிஞர் குவியே 1796இல் இந்திய யானை, ஆப்பிரிக்க யானை, மாமத் ஆகியவற்றின் தாடைகளையும் பற்களையும் ஒப்பிட்டு, மூன்றும் வெவ்வேறு இனம், மாமத் இப்போது உலகில் எங்கும் இல்லை என்று சொன்னார். இன்று சாதாரணமாகத் தெரிகிறது. அன்றைக்கு, கடவுள் படைத்த ஒரு விலங்கு அடியோடு இல்லாமல் போகும் என்பதையே பலர் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்க அதிபர் ஜெபர்சன்கூட, மேற்குக் காடுகளில் எங்காவது அந்தப் பெருவிலங்கு உயிரோடு திரியும் என்று நம்பிக்கொண்டிருந்தார். 'இனம் அழிதல்' என்ற எண்ணமே அறிவியலுக்குள் வந்தது யானைப் பல் வழியாகத்தான்.

இரண்டாவது கேள்வி, நம் நாட்டில் இருந்தனவா? அள்ள அள்ளக் குறையாமல் இருந்தன. இமயமலை உயரும்போது ஆறுகள் அடித்துவந்து கொட்டிய மண்ணும் கல்லும் சேர்ந்ததுதான் அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகள். ஆற்றில் போன விலங்குகளெல்லாம் அங்கே அடுக்கடுக்காகப் புதைந்திருக்கின்றன. 1830களில் ஃபால்கனர் என்ற மருத்துவரும், கங்கைக் கால்வாயை வெட்டிய பொறியாளர் காட்லியும் அங்கே எலும்பு பொறுக்கக் கிளம்பி, வண்டி வண்டியாகச் சேர்த்தார்கள். அதில் கிடைத்த ஒன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கணேசா'. இன்று அதை ஸ்டெகோடான் கணேசா என்கிறோம். ஸ்டெகோடான் என்றால் கூரைப்பல். அதன் பல்வரிகள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி சரிந்திருக்கும். தந்தம் 3 மீட்டருக்கு மேல். இரண்டு தந்தமும் அவ்வளவு நெருக்கமாக முளைத்ததால் நடுவில் தும்பிக்கை நுழைய இடமே இல்லை. பக்கவாட்டில்தான் தொங்கப்போட்டிருக்க வேண்டும். பக்கத்தில் கிடைத்த ஸ்டெகோடான் இன்சிக்னிஸ் என்பது தனி இனமா, அல்லது கணேசாவின் பெண்ணா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கென்னவோ பெண்தான் என்று தோன்றுகிறது. சிவாலிக்கில் கிடைத்த எலிபஸ் ஹைசூட்ரிகஸ் என்ற இன்னொரு இனத்தைத்தான் நம் யானையின் முன்னோராகப் பலரும் கருதுகிறார்கள். அட்டையில் 'தாத்தா' இடம் காலியாக இருந்தால் இந்தப் பெயரை எழுதலாம்.

நர்மதைப் பள்ளத்தாக்கில் கிடைத்த பேலியோலோக்சோடான் நமாடிகஸ்தான் வீடியோக்காரர்களுக்குப் பிடித்த ஆள். தோள் உயரம் 5.2 மீட்டர், எடை 22 டன், உலகில் நடந்த பாலூட்டிகளிலேயே பெரியது என்பார்கள். 22 டன் என்பது சரக்கு நிரப்பிய இருபதடி கண்டெய்னர் ஒன்றின் எடை. அந்த எண் வந்தது ஒரு தொடையெலும்புத் துண்டைப் பற்றிய பழைய குறிப்பிலிருந்து. துண்டிலிருந்து எலும்பு, எலும்பிலிருந்து யானை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டவரே இதை எச்சரிக்கையோடுதான் சொன்னார், பரப்புகிறவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். 4 மீட்டருக்கு மேல் வளர்ந்தது என்பதில் சந்தேகம் வேண்டாம், அதுவே போதும். இதே குடும்பத்தில் சிசிலித் தீவுக்குப் போய்ச் சேர்ந்த கிளை, தீவில் தீனி குறைவு, சிங்கம் புலியும் இல்லை என்பதால் குறுகிக் குறுகி ஒரு மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டது. வளர்ந்த யானை நம் இடுப்பளவு. காஷ்மீரின் பாம்பூரில் 2000இல் தோண்டி எடுத்த ஒரு பேலியோலோக்சோடானுடன் 87 கற்கருவிகள் கிடைத்தன. மூன்று, நான்கு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு மனித இனத்தவர் அந்த யானையின் எலும்பை உடைத்து மஜ்ஜை எடுத்திருக்கிறார்கள் என்று 2024இல் ஆய்வை வெளியிட்டார்கள்.

மெட்ராஸ் பக்கம்? எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றை அப்படியே மேலே பிடித்துக்கொண்டு பூண்டி தாண்டிப் போனால் அத்திரம்பாக்கம். 1863இல் பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழங்காலக் கற்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அதே ஆண்டு இங்கேயும் கருவிகளைக் கண்டார். பிற்காலத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் தோண்டி அந்தக் கருவிகளின் காலம் கணித்தபோது 15 லட்சம் ஆண்டு என்று வந்தது. மாடு, குதிரை வகை விலங்குகளின் கல்லான பற்கள் சிலவும் கிடைத்தன. யானைச் சொந்தம் எதுவும் அதில் இல்லை. அதனால் இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்ப்பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் எலும்பைக் கரைத்துவிடும் மண். அடியில் இருக்கிற சார்னகைட் பாறை புதைபடிவத்தை வைத்திருக்கிற பாறையே கிடையாது. அரியலூரில் கடல் உயிரினங்கள் குவிந்து கிடக்கின்றன, ஆனால் அவை டைனோசர் காலத்தவை, யானைக் குடும்பம் தொடங்காத காலம். நர்மதையில் கண்டெய்னர் லாரி உயரத்துக்கு யானை திரிந்த காலத்தில் கொசஸ்தலைக் கரைக்கு மட்டும் வராமல் இருந்திருக்குமா என்று எனக்கும் ஆசைதான். பல் கிடைக்கும்வரை அட்டையில் ஒட்டக்கூடாது.

அதே விதி யாளிக்கும். தாத்தாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சங்கப் பாடல்களில் ஆளி என்று வருவது யானையைத் தாக்கும் விலங்கு. கோயில் தூணில் நிற்பதைப் பாருங்கள்: ஒன்றுக்குச் சிங்க முகம், ஒன்றுக்கு யானைத் தும்பிக்கை, இன்னொன்றுக்குக் குதிரை முகம். ஒரே விலங்கின் தலை ஸ்தபதிக்கு ஸ்தபதி இப்படி மாறாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிங்க நகமும் யானைத் தலையும் சேர்ந்த எலும்புக்கூடு ஒன்றுகூட எங்கும் கிடைத்ததில்லை. யானைக் குடும்பத்தின் 6 கோடி ஆண்டு வரலாற்றில் இறைச்சி தின்னும் பல் ஒன்றுகூட இல்லை. யாளி நம் சிற்பிகளின் கற்பனை. அதை எலும்பாக்கி நிரூபித்தால்தான் பெருமை என்று நினைப்பது அவர்கள் உளிக்கு நாம் செய்யும் மரியாதைக்குறைவு என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவும் ஏன் அழிந்தன? ஒரே காரணம் இல்லை. காடு சுருங்கிப் புல்வெளி பரவியபோது யானைகள் புல்லுக்கு மாறின. ஆப்பிரிக்கப் புதைபடிவங்களை ஆராய்ந்தபோது, அவை புல் தின்னத் தொடங்கிப் பல லட்சம் ஆண்டுகள் கழித்துத்தான் பல் அதற்கேற்ப உயர்ந்தது என்று தெரிந்தது. பழக்கம் முதலில் மாறியது, பல் பிறகு வந்தது. மாறாதவை பல பின்தங்கின. அப்புறம் பனிக்காலம் முடிந்து வெப்பம் ஏறியதும், கையில் ஈட்டியோடு மனிதன் வந்ததும் கிட்டத்தட்ட ஒரே நேரம். எதற்கு எவ்வளவு பங்கு என்று இன்றுவரை சண்டை. என் கட்சி: வெப்பம் பலவீனப்படுத்தியது, மனிதன் முடித்துவைத்தான். ஏனென்றால் இதற்கு முன்பும் எத்தனையோ வெப்பக் காலங்களை மாமத் தாண்டி வந்திருக்கிறது.

கடைசி மாமத் கூட்டம் சைபீரியாவுக்கு வடக்கே ரேங்கல் தீவில் மாட்டிக்கொண்டது. கடல் ஏறித் தீவு துண்டானபோது இனப்பெருக்கத்துக்கு மிஞ்சியவை அதிகம் போனால் எட்டு. அவை பெருகி 200, 300 ஆகி, 6,000 ஆண்டுகள் தாக்குப்பிடித்து, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புதான் மறைந்தன. மொகஞ்சதாரோவில் முத்திரையில் யானையைச் செதுக்கிக்கொண்டிருந்த காலத்தில் மாமத் உயிரோடு இருந்தது. பாப்பாவின் அட்டையில் இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

முடிந்தால் கண்காட்சிக்கு முன்பு ஒருநாள் அவளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். மெட்ரோவில் சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிலையம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை. விலங்கியல் பகுதியில் யானையின் எலும்புக்கூடு இருக்கிறது. மண்டையோட்டின் முன்பக்கம் நடுவில் பெரிய பள்ளம் ஒன்று தெரியும். சின்ன வயதில் நான் அதைக் கண்ணுக்குழி என்றே நினைத்தேன். ஒற்றைக்கண் அரக்கன் கதை கிரேக்கர்களுக்கு வந்ததே, தீவுகளில் கிடந்த குட்டை யானையின் மண்டையோட்டைப் பார்த்துத்தான் என்று 1914இல் ஒருவர் சொல்லிவைத்தார். உண்மையில் அந்தப் பள்ளம் மூக்குத் துவாரம். தும்பிக்கை அங்கேதான் தொடங்குகிறது. எலும்பில்லாத தும்பிக்கை எலும்பில் விட்டுப்போகும் தடம் அதுதான். கீழே குனிந்து வாய்க்குள் பல்லையும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.